எண்ணெய் காணாத தலை

ராட்னிக்கு இரவெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உத்தியோகம். ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியின் வாசலில் ஜாகா. எவனும் திருட நினைக்காத அந்தக் கட்டடத்தை விடிய விடியக் காவல் காத்துவிட்டு, போட்ட சீருடையோடு மோட்டார் சைக்கிளை முறுக்கி, தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் இருக்கிற வீட்டுக்கு வந்து சேர்ந்தால், அங்கே இன்னொரு வேலை காத்திருக்கும். மகள் ஜோவானுக்குத் தலையில் எண்ணெய் வைத்து, வாரி, இரட்டைச் சடை போட வேண்டும். பள்ளி வேன் வந்து ஹார்ன் அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் அவனுக்கு ராத்திரி.

மனைவி வெரோனிகா சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். முன்பு ஈப்போவிலேயே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருந்தாள். அவள் அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள், மகள் அந்தப் பாலில் செய்த கையுறையைப் பெட்டியில் அடுக்கினாள். குடும்பமே ரப்பரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. தொழிற்சாலை ஆள் குறைத்தபோது அந்த ஒட்டும் விட்டுப்போனது. இப்போது ஜொகூர் பாருவில் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு, ஊர் உறங்கும்போதே எழுந்து, எல்லை தாண்டிப் போய் ஏதோ மின்சாரச் சாமான் செய்கிற இடத்தில் நாளெல்லாம் நிற்கிறாள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவாள். வந்ததும் ஓய்வெடுக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. கறிவேப்பிலையும் செம்பருத்தியும் போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சி, பழைய சிரப் போத்தல்களில் நிரப்பி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

முதல் தடவை போகும்போது அவள் சொன்னது இதுதான்.

"சமைக்கலைன்னாகூட கடையில தப்பாவ் பண்ணிக்கலாம். ஆனா புள்ளைக்குத் தெனமும் எண்ணெய் வச்சு விடுங்க. காஞ்ச தலையோட ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க. ஆத்தா இல்லாத புள்ளன்னு சொல்லிருவாங்க."

அதை ராட்னி வேதவாக்காக எடுத்துக்கொண்டான். சடை போடவா தெரியும் அவனுக்கு? கல்லூரியில் கூட்டித் துடைக்கிற ராக்காயி அக்காதான், விடியற்காலையில் தன் மாப்பை நட்டக் குத்தலாக நிறுத்தி, அதன் நூல்களை மூன்றாகப் பிரித்து, "இப்படி மேல, இப்படிக் கீழ, இழுத்துப் புடிலா, அது என்னா சாமியா, பயப்படுறே" என்று சொல்லிக்கொடுத்தாள். அந்த மாப்பில் பழகிய கை. தாமான் குடியிருப்பில் அண்டை அயல் எல்லாம் முதலில் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து அலுத்த நேரத்தில் அவன் போடுகிற சடை நேராகிவிட்டிருந்தது.

எண்ணெய் விஷயத்தில் அவன் கைக்குக் கஞ்சத்தனமே கிடையாது. உள்ளங்கை நிறைய ஊற்றி, உச்சியில் வைத்து, பரபரவென்று தேய்ப்பான். நெற்றியில் இறங்கி வருவதை விரலால் வழித்து மறுபடி தலைக்கே ஏற்றுவான். கையில் மிச்சம் இருப்பதை வீணாக்குவானேன் என்று மகளின் நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் ஒரு தடவு தடவி விடுவான். அவன் சின்னவனாக இருந்தபோது அவன் அம்மாவும் அப்படித்தான் செய்தாள், வெரோனிகாவும் அப்படித்தான் செய்வாள். ராத்திரி நடந்த கதை எதையாவது அவன் சொல்லிக்கொண்டே தேய்க்க, ஜோவான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் இந்த வருஷம் பிள்ளை பேசாமல் இருந்தாலும் முகம் பேசத் தொடங்கிவிட்டது. பதினான்கு வயது. நெற்றி முழுக்கப் பரு. கன்னத்தில் சிவப்புச் சிவப்பாக இன்னும் கொஞ்சம். மூக்கின் இரண்டு பக்கமும் எந்நேரமும் பளபளவென்று எண்ணெய்.

அப்போதுதான் வீட்டுக்குள் கொரியா வந்து சேர்ந்தது. ஜோவானும் அவள் தோழி துளசியும் பங்கு போட்டு வாங்கிய கொரிய முகப்பூச்சுச் சாமான்கள் அவை. முகம் கழுவுகிற ஜெல் இவள் வீட்டில், சன்ஸ்கிரீன் அவள் வீட்டில் என்று பிரித்து, பாதியைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களில் ஊற்றிக்கொண்டார்கள். நாசி லெமாக் வாங்கினால் சம்பல் கட்டித் தருவார்களே, அந்த டப்பாக்கள். அடுப்படிக்குப் பின்னால் இருக்கிற குழாயடிக் கண்ணாடியில் தொலைபேசியைச் சாய்த்து வைத்து, காலையில் அதில் வீடியோவில் ஒரு பெண் சொல்லச் சொல்ல ஜோவான் செய்வாள். அந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்டால் கிள்ளான் பக்கம் போல இருந்தது.

"ஹாய் கேர்ல்ஸ்! எண்ணெய் வடியிற மூஞ்சியா? காலையில டைம் இல்லையா? ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள முடிச்சிரலாம், வாங்க."

ராட்னி கோப்பிக் கோப்பையோடு நின்று பார்ப்பான். ஜெல்லைக் கையிலேயே நுரைக்க வைத்து, அழுத்தித் தேய்க்காமல் விரல் நுனியால் முகத்தில் உருட்டுவாள். துண்டால் துடைக்க மாட்டாள், ஒற்றி எடுப்பாள். பிறகு தண்ணீர் மாதிரி ஒன்றைக் கையில் ஊற்றி முகத்தில் வைத்து வைத்து அமுக்குவாள். அதற்கு டோனர் என்று பேர். அப்புறம் ஒரு சொட்டு மருந்து, பட்டாணி அளவுக்கு ஒரு கிரீம், கடைசியில் வெயிலுக்குப் பூசுகிறது. அவன் கோப்பி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"அது என்னாடி, அரிசி கழுவின தண்ணி மாதிரி இருக்கு?"

"அரிசித் தண்ணிதாம்பா. கொரியாக்காரங்க அதுலதான் செய்றாங்க."

"அட, அதத்தானே நம்ம வீட்டுல தெனமும் சிங்க்ல ஊத்துறோம்."

"நீங்க பேசாம கோப்பி குடிங்கலா."

அவள் முகம் அந்த ஒரு நிமிஷம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கும். உடனே ராட்னி முக்காலியை இழுத்துப் போட்டு, "வா, உக்காரு" என்பான். எண்ணெய்ப் போத்தலைத் திறப்பான்.

விஷயம் முற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து வீடியோவில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள் ஜோவான். வெரோனிகா அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"வெளிச்சத்துல வாடி. நெத்தியக் காட்டு. ஐயோ யேசுவே. என்னங்க, இது என்னா? புள்ளயப் பாக்குறீங்களா இல்லையா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் ராட்னி.

"எங்க பாக்குறீங்க? பகலெல்லாம் நீங்க தூங்குறீங்க. ராத்திரியெல்லாம் அது தனியா தூங்குது. என்னா சாப்புடுது, எப்பப் படுக்குது, யாருக்குத் தெரியும்? பெரிய வெள்ளிக்கு வாரேன். நேர்ல பாக்குறேன். சரியில்லைன்னா நான் கூட்டிட்டு வந்துர்றேன். அக்கா வீட்டுக்கு எதிர்லதான் ஸ்கூலு. மாத்தல் எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சது."

அவள் கோபத்தில் சொல்லவில்லை என்பதுதான் ராட்னியைக் கலக்கியது. களைத்துப் போய்ச் சொன்னாள். களைத்துப் போய்ச் சொல்கிறவர்கள் சொன்னதைச் செய்துவிடுவார்கள். பிள்ளையும் போய்விட்டால் இந்த வீடு எதற்கு? ரப்பர் தோட்டத்தை விற்று வீடமைப்பு கட்டியபோது தோட்டத்து ஆட்களுக்கென்று ஒதுக்கிய வரிசையில் அடித்துப் பிடித்து வாங்கிய வீடு. பகலில் திரையை இழுத்து மூடிவிட்டுத் தூங்க ஓர் இடம், அவ்வளவுதான் மிஞ்சும்.

அன்று ராத்திரி வேலையில், விடியற்காலை கூட்ட வந்த ராக்காயி அக்காவிடம்தான் புலம்பினான்.

"சூடுலா" என்றாள் ராக்காயி அக்கா, டாக்டர் மாதிரி. "வயசுப் புள்ள ஒடம்புச் சூடு. எண்ணெய் பத்தல. இன்னும் நல்லா அழுந்த வச்சு விடு. சூடு எறங்குனா பரு எறங்கும்."

வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து ராட்னி எண்ணெயை இரட்டிப்பாக்கினான். நெற்றியில் கொஞ்சம் கூடுதலாகவே தடவினான். தூக்கம் கண்ணைச் சுழற்றும், நின்றபடியே ஆடுவான். ஆனாலும் பிள்ளை போய்விடக் கூடாது என்கிற பயத்தில் தேய்த்துத் தேய்த்து விட்டான். தவக்காலம் தொடங்கிய சமயம் அது. கோவிலில் நெற்றியில் பூசிய சாம்பல், எண்ணெயில் நிற்காமல் புருவம்வரை வழிந்து இறங்கியது. பரு இறங்கவில்லை. ஏறியது. கொரியாக்காரர்களைப் பற்றி அவனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போனது.

"என்னாத்துக்கு இதெல்லாம் பூசுறே? ஒண்ணும் கேக்கலையே" என்றான் ஒருநாள்.

ஜோவான் கண்ணாடியிலேயே அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "கொஞ்ச நாளாகும்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு முக்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

உண்மை தெரிந்தது தற்செயலாக. அன்று அவன் வந்ததும் வராததுமாக நாற்காலியில் சரிந்து கண்ணை மூடிவிட்டான். பின்னால் குழாயடியில் அந்தக் கிள்ளான் பெண் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தாள். எப்போதும் ஓர் இடம் வந்ததும் ஜோவான் தொலைபேசியைத் தட்டித் தாண்டிவிடுவாள். பேச்சு வெட்டுப்பட்டுக் குதிப்பதை ராட்னி பலமுறை கேட்டிருக்கிறான். சின்னப் பிள்ளைகள் அவசரம் என்று நினைத்துக்கொள்வான். அன்று அவள் கண்ணெல்லாம் நுரை, கையெல்லாம் ஈரம். தாண்ட முடியவில்லை.

"முக்கியமா ஒண்ணு சொல்லிர்றேன். நம்ம வீட்டுல அம்மா தெனமும் தலைக்கு எண்ணெய் வச்சு விடுவாங்க இல்ல? அது அப்படியே நெத்தியில எறங்கும். மிச்சத்த மூஞ்சியில வேற தடவுவாங்க. எண்ணெய் வடியிற மூஞ்சிக்கு அதுதான் மொத எதிரி. அத நிறுத்தாம நீங்க என்னா பூசினாலும் வேஸ்ட்டுதான். இன்னைக்கே அம்மாகிட்ட..."

ஈரக் கையால் படபடவென்று தட்டுகிற சத்தம். பேச்சு நின்றது. ராட்னி கண்ணைத் திறக்கவில்லை. ஜோவான் எட்டிப் பார்ப்பதை மூடிய இமைக்குள்ளேயே உணர்ந்தான். தூங்குகிறவன் மாதிரி மூச்சு விட்டான். ஜாகா வேலையில் அதுவும் ஒரு தொழில் திறமைதான்.

நானேதானா? மாதக் கணக்கில், தூக்கத்தைத் தொலைத்துவிட்டு, இந்தக் கையாலேயே பிள்ளையின் முகத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தேனா? அது தெரிந்தும் இவள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? அவனுக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலையில் முக்காலியைப் போட்டுவிட்டு, "எண்ணெய் முடிஞ்சிருச்சு" என்றான்.

அலமாரிக்கு மேலே, கிறிஸ்மஸ் மரம் வைத்திருக்கிற பெட்டிக்குப் பின்னால், முழு போத்தல் ஒன்றை அவனே ஒளித்து வைத்திருந்தான். பாதி இருந்ததைப் பக்கத்து வீட்டுச் சாமி விளக்குக்குக் கொடுத்துவிட்டான்.

"கடையில வாங்கலாம்லா" என்றாள் ஜோவான்.

"ம். மறந்துட்டேன். நாளைக்கு."

நாளைக்கும் மறந்தான். அதற்கு மறுநாளும் மறந்தான். சீப்பை நனைத்து வாரினான். சடை சட்டென்று முடிந்தது. எண்ணெய் இல்லாததால் பாதி நேரம் மிச்சம். நேராகப் போய்ப் படுக்கையில் விழுந்தான். ஆஹா, இந்தத் தூக்கத்தை இத்தனை நாளாக விட்டுவிட்டோமே என்றுகூடத் தோன்றியது. வேன் வருகிறவரைக்கும் ஜோவான் அந்த முக்காலியிலேயே தனியாக உட்கார்ந்திருப்பதை அவன் கவனிக்கவில்லை. நல்லது செய்தும் பிள்ளை ஏன் உர்ரென்று இருக்கிறாள் என்று மட்டும் யோசித்தான்.

ஒரு வாரம் போனது. அன்று சடை முடிந்து அவன் கொட்டாவியோடு எழுந்தபோது ஜோவான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க? உக்காருங்க. உங்க மூஞ்சியிலதான் இப்ப எண்ணெய் வடியுது."

"எனக்கு எதுக்குலா? நான் என்னா சீரியல்லயா நடிக்கப் போறேன்?"

"உக்காருங்கப்பா."

உட்கார்ந்தான். அவள் நுரையை அவன் முகத்தில் உருட்டினாள். ராத்திரி முழுக்கப் படிந்த புகையும் வியர்வையும் கரைந்து இறங்கியது. ஈரத் துண்டால் ஒற்றினாள். அரிசித் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து அவன் கன்னத்தில் வைத்து அமுக்கினாள். "கண்ணத் தொறக்காதீங்க" என்றாள். துளசி கணக்குப் பாடத்தில் மாட்டிக்கொண்டது, கேண்டீனில் மீ கோரேங் விலை ஏறியது என்று என்னென்னவோ சொன்னாள். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் முக்காலியில் தூங்கிவிட்டான். வேன் ஹார்ன் கேட்டுத்தான் விழித்தான். அதன் பிறகு காலைகள் அப்படித்தான் நடந்தன. கல்லூரியில் ராக்காயி அக்கா அவன் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்து, "என்னா தம்பி, பளபளன்னு இருக்கே, ரெண்டாவது கல்யாணமா?" என்று கேட்டாள்.

ஜோவானின் நெற்றியும் தெளியத் தொடங்கியது. தழும்பு இருந்தது, புதிதாக ஒன்றும் வரவில்லை. பெரிய வெள்ளிக்கு முந்திய குருத்து ஞாயிறு அன்று வீடியோவில் வெரோனிகாவே அதைச் சொன்னாள்.

"நெத்தி கொஞ்சம் தேவலையே. எண்ணெய் நல்லா வைக்கிறீங்க போல."

"ஆமாலா" என்றான் ராட்னி. வேறு என்ன சொல்வது? நீ நின்று காய்ச்சிய எண்ணெய்தான் உன் மகளுக்கு ஆகவில்லை என்று தொலைபேசியிலா சொல்வது? ஜோவான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். எண்ணெய் முடியவில்லை என்பது அவளுக்கு எப்போதோ தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே அவனுக்கு விளங்கியது.

பெரிய வெள்ளி வந்தது. சிங்கப்பூரில் அன்று விடுமுறை. இங்கே பள்ளியும் உண்டு, ஜாகாவும் உண்டு. வெரோனிகா வியாழக்கிழமை வேலை முடித்து அப்படியே பஸ் ஏறி, ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்தில் விடியற்காலையில் இறங்கி, தானே வண்டி பிடித்து வந்துவிட்டாள். ராட்னி வந்து மோட்டாரை நிறுத்தும்போது வாசலில் அவள் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு மனசு குளிர்ந்தது. ஓர் எட்டு உள்ளே வைத்ததும் குளிர்ந்தது உறைந்துவிட்டது.

பின்கட்டில் ஜோவான் முகத்தில் பாதி நுரையோடு நின்றாள். அலமாரி முன்னால் நாற்காலி போட்டு வெரோனிகா ஏறி நின்றாள். கஞ்சி காய்ச்சப் பெரிய சட்டி எடுக்க ஏறியிருக்கிறாள். சட்டி கைக்கு வரவில்லை. போத்தல்தான் வந்திருந்தது.

"இது என்னா?"

"எண்ணெய்" என்றான் ராட்னி.

"எண்ணெய்னு எனக்குத் தெரியாதா? நான் காச்சுனது. கிறிஸ்மஸுக்கு வந்தப்ப காச்சுனது. ஏன் முழுசா இருக்கு?"

அவன் கையும் களவுமாகப் பிடிபட்டவன்போல நின்றான். வெரோனிகா நாற்காலியிலிருந்து இறங்கி, நேராக ஜோவானிடம் போய் உச்சந்தலையில் கை வைத்தாள்.

"ஒரு சொட்டு இல்ல. வைக்கோல் மாதிரி இருக்கு. ஆத்தா செத்த புள்ள தலை மாதிரி இருக்கு. வைக்கிறேன் வைக்கிறேன்னு எங்கிட்ட பொய்யா சொன்னீங்க? உங்ககிட்ட நான் கேட்டதே இது ஒண்ணுதானே?"

"வெரோ, இரு..."

"நான் ஒண்ணும் கேக்கலை. எனக்குச் சண்டை போட சக்தியும் இல்ல. புள்ளய நான் கூட்டிட்டுப் போறேன். திங்கக்கெழமையே அக்காவ விட்டு ஸ்கூல்ல கேக்கச் சொல்றேன்."

சொல்வதற்கு அவன் வாயில் எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தான். பஸ்ஸில் கண் மூடாத முகம். கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டி, போன தடவையைவிட இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தாள். இந்த முகத்தைப் பார்த்து, "உன்னாலதான் புள்ளைக்குப் பரு" என்று எப்படிச் சொல்வது?

வெரோனிகா ஜோவானின் முகத்து நுரையைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டாள். முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.

"உக்காரு."

ஜோவான் உட்கார்ந்தாள். வெரோனிகா உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றினாள். கறிவேப்பிலை வாசனை அடுப்படி முழுக்கப் பரவியது. ராட்னி மகளைப் பார்த்தான். மாதக் கணக்கில் பொறுமையாகக் கழுவி, ஒற்றி, அமுக்கிச் சேர்த்த நெற்றி அது. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அவன் கைக்குக் கீழே எப்படி உட்கார்ந்திருப்பாளோ அப்படியே, தோளைத் தளர்த்தி, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள்.

அவள் ஏன் இத்தனை நாளாக வாயைத் திறக்கவில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் ராட்னிக்குப் புரிந்தது.

"வைக்காதே, வெரோ" என்றான். "எண்ணெய் அவளுக்கு ஆகல. நெத்தியில எறங்கித்தான் பரு வந்துச்சு. நான்தான் தெரியாம அள்ளி அள்ளி வச்சேன். நிறுத்தினப்புறம்தான் அடங்குச்சு. உனக்கு வருத்தமா இருக்கும்னுதான் ஒளிச்சு வச்சேன்."

வெரோனிகாவின் கை தலைக்கு மேலேயே நின்றுவிட்டது.

"அப்படியா?" என்று ஜோவானைக் கேட்டாள். "ஆமாவா இல்லையா, சொல்லு."

"ஆமாம்மா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல்லயே தெரியும்."

"தெரிஞ்சுமா வச்சுக்கிட்டே உக்காந்திருந்தே? அப்பாகிட்ட வேணாம்னு சொன்னா என்னா?"

ஜோவான் மடியில் இருந்த துண்டை முறுக்கினாள். கண்ணைத் திறக்கவே இல்லை.

"வேணாம்னா அப்பா நேரா போய்ப் படுத்துருவாரும்மா. சாயங்காலம் எந்திரிச்சு வேலைக்குப் போயிருவாரு. அவரு எங்கிட்ட உக்காந்து பேசறதே அப்ப மட்டும்தான். பரு வந்தா வரட்டும்னு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்களும் இன்னைக்குத்தான் வந்திருக்கீங்க. உங்ககிட்ட மட்டும் எப்படி வேணாம்னு சொல்றது?"

வெளியே வேன் ஹார்ன் அடித்தது. இரண்டாவது தடவையும் அடித்தது. ராட்னி வாசலுக்குப் போய், "இன்னைக்கு வராது, அண்ணே, நீங்க போங்க" என்று கையசைத்து அனுப்பிவிட்டு வந்தான்.

வெரோனிகா அதே இடத்தில் அப்படியே நின்றாள். உள்ளங்கையில் எண்ணெய் குளம் கட்டியிருந்தது. வைக்கவும் முடியாமல் கொட்டவும் மனமில்லாமல் கையை ஏந்திக்கொண்டு நின்றாள். விரல் இடுக்கில் கசிந்து தரையில் சொட்டியது.

ஜோவான் எழுந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்து அந்த முக்காலியில் உட்கார வைத்தாள்.

"எனக்கு ஆகலைன்னா என்னா? உங்களுக்கு ஆகும்லா."

அம்மாவின் கையிலிருந்த எண்ணெயை வழித்து, கொண்டையை அவிழ்த்து, உச்சியில் வைத்தாள். வைத்தவள் ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். ராட்னி கிட்டே வந்து தொட்டுப் பார்த்தான். நாளெல்லாம் தொழிற்சாலைத் தொப்பிக்குள் அடைபட்டு, காய்ந்து சிக்குப் பிடித்துக் கிடந்தது அவள் தலைமுடி. வைத்த எண்ணெய் வைத்த இடத்திலேயே உறிஞ்சிக் காணாமல் போனது. போத்தல் போத்தலாகக் காய்ச்சி அனுப்பியவளின் தலை எண்ணெய் கண்டு மாதக் கணக்காகியிருந்தது.

ஜோவான் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பரபரவென்று தேய்க்காமல், முகத்துக்குச் செய்கிற மாதிரியே விரல் நுனியால் மெல்ல மெல்ல உருட்டினாள். வெரோனிகாவின் தலை பின்னால் சாய்ந்தது. கண் மூடியது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை.

"அக்கா வீட்டுல நீ எந்திரிக்கும் முன்ன நான் பஸ் ஏறிருப்பேன்டி" என்றாள், பாதித் தூக்கத்தில். "நான் வாரப்ப நீ சாப்புட்டுப் படுத்துருப்பே. எனக்கு அங்க தலை வாரி விட ஆளு கெடையாது. உனக்கு மட்டும் எங்கருந்து கெடைக்கும்? நீ இங்கயே இரு. அப்பாகிட்டயே இரு."

ஜோவான் முடியை மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினாள். பாதிச் சடையிலேயே வெரோனிகா உட்கார்ந்தபடி தூங்கிவிட்டாள். தலை மகளின் வயிற்றில் சாய்ந்திருந்தது. அசைந்தால் விழித்துவிடுவாள் என்று பிள்ளை அப்படியே நின்றாள்.

ராட்னிக்குக் கண் எரிந்தது. உள்ளே படுக்கை விரித்தபடி கிடந்தது. அவன் காலில் மறந்துபோயிருந்த சப்பாத்துக் காலணியைக் கழற்றிவிட்டு, அடுப்படித் தரையில், அவர்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அன்று அவன் படுக்கப் போகவில்லை.